தலைவரின் பீரோவில் என் மார்க் ஷீட்

நானும் அப்பாவும்தான் போயிருந்தோம். அம்மா வரவில்லை. மேடவாக்கத்தில் அவர் வீட்டு வேலை செய்யும் அபார்ட்மென்டில் லீவு தரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன், தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு பி.காம். இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் சரிபார்க்க நாங்கள் போன அன்றுதான் கடைசி நாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான்.

டோக்கன் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அங்கே படித்த பெரிய அரசியல் தலைவர் ஒருவருக்குக் கல்லூரிக்குள்ளேயே சின்னதாக ஓர் அருங்காட்சியகம் உண்டு. அவர் பேச்சைக் கேட்க லாரி ஏறிப் போன காலம் அப்பாவுக்கு உண்டு. விடுவாரா? உள்ளே போனோம்.

தலைவர் உட்கார்ந்த பெஞ்சு, மாணவர்களோடு நிற்கும் குரூப் போட்டோ, கண்ணாடிக்குள் அவருடைய டி.சி. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன்.

"அவுருக்கும் டி.சி. குடுத்துதான் அனுப்பிக்கிறாங்களா!" என்று சிரித்தார். பெஞ்சு பக்கத்தில் நிற்க வைத்து அவரை ஒரு போட்டோ எடுத்தேன்.

திரும்பி வந்து, எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதும், "ஒரிஜினல் எடுப்பா" என்றார் கிளார்க். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையில் ஃபைல் இல்லை.

"போட்டோ எடுக்க சொல்லோ அந்த மேஜ மேல வெச்சேன்டா. படிப்புப் பேப்பராச்சே, கீய வெச்சா கால்ல படும்னு..."

ஓடினோம். அருங்காட்சியகக் கதவில் பூட்டு. பொறுப்பாளர் சாப்பிட சேலையூர் வீட்டுக்குப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை என்றார் வாட்ச்மேன். நாலு மணிக்குக் கவுன்ட்டர் மூடிவிடும். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாமே அந்த ஃபைலில். வாட்ச்மேனிடம் வழி கேட்டு ஆட்டோ பிடித்தோம்.

பொறுப்பாளர் சோற்றுக் கையோடு வந்து கதவைத் திறந்தார்.

"நாடா கட்டுன காக்கி ஃபைலா? அது உன்னுதா தம்பி? தலைவரோட பழைய பேப்பரை எவனோ வெளிய எடுத்துப் போட்டுட்டான்னு பதறிப்போய், பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்பா!"

பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு, அதே ஆட்டோவில் எங்களோடு ஏறினார். பீரோவைத் திறந்தால், தலைவரின் கல்லூரிக் காகிதங்களுக்கு மேலே என் ஃபைல். நாடா கூட அவிழவில்லை. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுரு பேப்பர் மேல படுத்துகினு வந்துக்குதுடா. இனிமே நீ ஃபெயிலே ஆவ மாட்டே."

பொறுப்பாளரும் சிரித்துவிட்டார். மூடுவதற்குள் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம், சேர்க்கையும் முடிந்தது.

இரண்டு பேர் மரியாதையாகப் பத்திரப்படுத்தப் போய்த்தான் அந்த ஃபைல் காணாமல் போனது. கைவிட்டுப் போனதெல்லாம் தொலைந்ததாகாது என்று அன்றிலிருந்து நம்புகிறேன். ஒரு படிப்பே போயிருக்க வேண்டிய நாளில் எங்களுக்கு ஆன செலவு, போக வர ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.