இரண்டு சொட்டுப் பென்சில்

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் தலை வகிட்டைச் சரிசெய்த பிறகுதான் சவுரியப்பன் கேமராப் பக்கமே போவார். பாலக்கோட்டில் ஸ்டுடியோ திறந்த நாள்முதலாக அந்த எச்சில் விரலுக்குத் தப்பிய மாப்பிள்ளை கிடையாது. ஒருமுறை தாசில்தாருக்கும் அதே கதிதான். "ஒரு நிமிசம் சார், காத்து கலச்சிருச்சு" என்றார். உள்ளே மின்விசிறிகூட இல்லை.

"கேமரா பாக்கறது பாதிதாங்க. மீதிய நாமதான் குடுக்கணும்" என்பது அவர் கொள்கை. அந்த மீதி ஒரு பென்சிலில் இருந்தது. நெகட்டிவில் வைக்கும் கருப்பு, படத்தில் வெளுப்பாக வரும். ஊசிபோல் சீவிய முனையால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்புகளை நிரவிவிடுவார். மங்கிய கண்ணில் ஒளிப்புள்ளி வைப்பார். தன் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போன அம்மைத் தழும்புக்காரர் கிருஷ்ணப்பன், கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அந்தப் பென்சில நேரா இங்கியே வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டாராம்.

சேலத்து நாளிதழ் ஒன்றுக்கும் அவர் படம் அனுப்புவார். எண்பத்தாறில் தக்காளி விலை தரைக்கு வந்தது. விவசாயிகள் மார்க்கெட் முன்னால் கூடை கூடையாகச் சாலையில் கொட்டினார்கள். அவர்களில் ஒருவரான தீர்த்தம்மாள் கூடையைக் கவிழ்க்கும்போது நெற்றியில் ஒரு மயிர்க்கற்றை விழுந்தது. சவுரியப்பனுக்குப் பொறுக்குமா? விரலை நாக்கில் வைத்தபடி பாய்ந்தார். அடுத்த கணம் தக்காளிக் கூழில் வழுக்கி, சப்பென்று உட்கார்ந்தார். தீர்த்தம்மாள் கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சவுரியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை எடுத்தார்.

நாளிதழ்க்காரர் போனில் கேட்டிருந்ததோ விவசாயியின் கண்ணீர். சவுரியப்பன் தான் எடுத்த படத்தைப் பார்த்தார். மூடிய கண், திறந்த வாய். கண்ணீர் ஒன்றுதான் குறைந்தது. பென்சில் கையிலேயே இருந்தது; கன்னத்துக்கொரு சொட்டு வைத்தார்.

படம் முதல் பக்கத்தில் வந்தது. ஏரியூரிலிருந்து தீர்த்தம்மாளின் அண்ணன் கக்கத்தில் கோழியோடு, பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்து இறங்கினார். அதுவரை சிரிப்புதான். ஆனால் தீர்த்தம்மாளின் மகள் செல்லியைக் கேட்டிருந்த கடத்தூர்க்காரர்கள், "இவ்ளோ கஷ்டத்துல இருக்காங்க, பாவம். கண்ணாலத்த அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

தீர்த்தம்மாள் பேப்பரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். "ஏம்பா சவுரி, நான் எப்ப அழுதேன்?"

"அக்கா, உங்க தங்கச்சி கண்ணாலத்துக்கு அம்மத் தழும்ப அழிச்சேனே, அன்னிக்கி யாரும் ஒண்ணும் கேக்கலியே?"

"அழிச்சது எங்க வூட்டுக்கு. சேத்தது யாரு வூட்டுக்கு?"

சவுரியப்பன் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்தார். பஞ்சை நனைத்து இரண்டு சொட்டையும் நெகட்டிவிலிருந்து துடைத்தார். சிரிப்பைப் பெரிதாகப் போட்டு, வாசல் கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக இருந்த கல்யாண ஜோடியை எடுத்துவிட்டு அங்கே மாட்டினார். ஒரு பிரதியோடு சேலத்துக்கும் போனார். "சிரிக்கறதுல என்னய்யா சேதி இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சந்தைக்கு வந்த கடத்தூர்ச் சம்பந்தியம்மாள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றார். "அட, பல்லுல பாதிக்கு மேல தெரியுது! இந்தம்மாவா அழுதுச்சு?" என்று தானும் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. படமெடுக்கத் தர்மபுரியிலிருந்து வேறு ஆளை வரவழைத்தார் தீர்த்தம்மாள். பந்தியில் சவுரியப்பனுக்குத் தானே பாயசம் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "உன் பொட்டியில பாத்தவங்க நாலு பேரு. பேப்பருல பாத்தது நாடே. அதுல நான் சிரிக்கணும். அதுவரைக்கும் பாக்கிதான்."

அது இன்னும் பாக்கிதான். தக்காளி டிராக்டர் ஸ்டுடியோவைத் தாண்டும்போதெல்லாம், கூடைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் தீர்த்தம்மாள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு சொட்டு. அந்த நேரம் யாருடைய வகிட்டுக்காகவோ நாக்குவரை போன கட்டைவிரலைச் சவுரியப்பன் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். பிறகு வாசலுக்கு வந்து, அவரும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.