சொல்லாத சொல்லுக்கு உயர்ந்த விரல்

சூசைமுத்துவின் பேச்சைக் கெடுத்தவன் நான். சபைக்கூச்சமல்ல, விதியுமல்ல... நான்!

இருபது வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் இருவரும் ஒரே வகுப்பு. அவன் எழுவைதீவு மீனவர் ஒருவரின் மகன். ஆசிரியப் பயிற்சிக்கு எங்கள் இருவருள் ஒருவனை அனுப்புவதற்காகப் போட்டி வைத்தார்கள். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கடதாசித் துண்டை எடுக்கவேண்டும்; அதிலுள்ள பொருளைப் பற்றி அந்த இடத்திலேயே ஐந்து நிமிடம் பேசவேண்டும்.

சூசை என்னிலும் நன்றாகப் பேசுவான். ஒரேயொரு குறை... யோசிக்கும் இடங்களில் "வந்து... வந்து..." என்று இழுப்பான். அது அவன் காதுக்கே கேட்பதில்லை.

"நீர் முன்வாங்கில இரும். நான் 'வந்து' எண்டால் ஒரு விரலைக் காட்டும். திருத்திப்போடுவன்" என்றான். சம்மதித்தேன்.

அவனுக்குக் கிடைத்த பொருள் 'காற்று'. கடலில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்! சோளகக் காற்று எப்போது திரும்பும், பாயை எந்தக் கணத்தில் இறக்கவேண்டும்... சபை அசையாமல் கேட்டது. ஒரு 'வந்து' கூட வரவில்லை.

தோற்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. விரலை உயர்த்தினேன்.

திடுக்கிட்டான். சமாளித்துத் தொடர்ந்தான். மறுபடியும் உயர்த்தினேன்... மறுபடியும்! அவன் என்னை நம்பினான். தன் வாயை நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே "வந்து... வந்து... வந்து..." என்று தடுமாறத் தொடங்கினான். பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதியிலேயே இறங்கிவிட்டான்.

பயிற்சிக்குப் போனவன் நான். அவன் தகப்பனின் தோணிக்குப் போனான்.

ஏன் செய்தேன்? பொறாமையா? பயமா? எந்தப் பெயரை வைத்தால்தான் என்ன!

அவன் என்னை வெறுத்திருந்தால் தப்பியிருப்பேன். எழுவைதீவுப் பள்ளிக்கே நான் ஆசிரியனாக வந்தபோது, என்னைவிட மகிழ்ந்தவன் அவன்தான்.

போன மாதம் அவனுடைய தம்பி காய்ச்சலில் கிடந்தான். கடல் கொந்தளிப்பில் சிறு தோணிகளை இறக்க முடியவில்லை; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரத்துக்குப் பெரிய வள்ளமும் கிடைக்கவில்லை... இறந்துபோனான். தீவுக்கு நிரந்தரமாக ஒரு வள்ளம் கேட்டு ஊர் கூடியது. தீவுப்பகுதியை நிர்வகிக்கும் மணியகாரர் வந்திருந்தார்.

"நடந்ததை நீரே சொல்லும்" என்றார் சூசையிடம்.

எழுந்தான். வாய் திறந்தது... என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கதைக்க ஏலாது ஐயா. பிறவிக் குறை. வாத்தியார் சொல்லுவார்."

பிறவிக் குறையாம்! அந்தக் கணத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடாதா?

சொல்லவில்லை. அவனுடைய தம்பியின் சாவை நான் எழுந்து பேசினேன்... ஒரு தடங்கலுமின்றி, அழகாக!

வெளியே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீர் இல்லாட்டி நான் ஊமை."

கைகளை இழுத்துக்கொள்ளவும் எனக்குத் துணிவில்லை. அடுத்த கிழமை மனுவோடு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிடம் போகவேண்டுமாம்... அங்கேயும் அவனுக்காக நான்தான் பேசவேண்டுமாம்.

"வாறன்" என்று சொல்லிவிட்டேன்.