வழி தவறினால் மரத்தைப் பிடி

குடும்பங்களை மலைக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவருவது என் தொழில். இதில் முதல் பாதியை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் கைடு வேலை பார்க்கிறேன். தங்க வருகிறவர்களை வியூ பாயிண்ட், சேர்வராயன் கோயில் குகை, வெள்ளைக்காரன் காலத்துக் காப்பி எஸ்டேட் என்று நடத்திக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் பிள்ளைகள் நாலு பேரை ஒரே ஒருமுறை பொருட்காட்சிக்கு அழைத்துப் போனவராக இருந்தால், என் பிழைப்பை நான் உங்களுக்கு விளக்கவே வேண்டாம். அங்கேயாவது தொலைந்த பிள்ளையை மைக்கில் கூப்பிடுவார்கள். இங்கே திடீரென்று மூடுபனி இறங்கும், மைக்கும் கிடையாது.

எங்கள் ஜீப்பை ஓட்டுகிறவர் கோவிந்தண்ணன். சேலத்துக்காரர். இடி விழுந்தாலும் பீடியை அணைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். நான் ஆள் எண்ணுவதையும், எண்ணியதை மறுபடி எண்ணுவதையும் பார்த்து ஒருநாள் சொன்னார்: "ஏம்மிணி ஸ்டெல்லா, நீ எண்ணறதப் பாத்தா நமக்கே சந்தேகமா இருக்குது, நாம வந்தமா இல்லியான்னு."

கம்பிக்கு அந்தப் பக்கம்

வியூ பாயிண்டில் நின்றால் சேலம் நகரம் முழுவதும் காலடியில் தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். எனக்கு அங்கே தெரிவது தடுப்புக் கம்பி மட்டும்தான். போன சித்திரையில் வந்த ஒரு அப்பா, இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கி அந்தக் கம்பிமேல் உட்கார வைத்தார். ஒரு கையில் குழந்தை, மறு கையில் செல்போன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

சத்தம் போட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் கை நழுவும். ஓசைப்படாமல் பின்னால் போய்க் குழந்தையின் கவுனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். விரல் வெளுத்துப் போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பா போனைப் பார்த்து முகம் சுளித்தார். "ஏனுங்க மேடம், போட்டோவுல உங்க கை விழுகுதுங்க. கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

வாழைப்பழம்

எஸ்டேட் பாதையில் சில காலைகளில் காட்டெருமை நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் முதுகு, காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நிறம். பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை நம்பக் கூடாது என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும்.

சங்ககிரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லோரையும் மூச்சுக் காட்டாமல் பின்வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் முன்னால் போனார், கையில் உரித்த வாழைப்பழத்தோடு. அவருடைய முந்தானையை நான் பிடித்து இழுக்க, காட்டெருமை ஒரு தடவை மூக்கால் ஊத, எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தலைகீழாக வாயில் வந்தது. நல்லவேளையாக அதுவே சலித்துப்போய்க் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அந்த அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பயப்படாத கண்ணு. எங்கூட்லயும் ரெண்டு எரும நிக்குது, ஒண்ணும் பண்ணாது."

குகைக்குள் ஒரு வழி

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே இருட்டும் குளிருமாக இருக்கும். பிள்ளைகள் அழாமல் இருக்க ஒரு கதை வைத்திருந்தேன். இந்தக் குகை பூமிக்குள்ளேயே போய்க் காவேரி ஆறு வரைக்கும் நீள்கிறதென்று மலையில் சொல்வார்கள். பிள்ளைகளின் கண் விரியும், அழுகை நின்றுவிடும்.

பவானியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கதையைச் சொன்னேன், சாமி கும்பிட்டோம், வெளியே வந்து எண்ணினேன். அவர்களுடைய ஐந்து வயதுப் பையன் இல்லை. அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திரும்ப உள்ளே ஓடினேன், குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டேன். பூசாரி விளக்கைத் தூக்கிக் காட்டினார். கடைசி மூலையில், பாறை இடுக்கில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு அவன் மும்முரமாக இருந்தான்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவனுக்கோ கோபம். "எங்கூடு காவேரிக்குப் பக்கத்துலதானுங்க. நான் இப்படியே ஊட்டுக்குப் போயிக்கறேன், நீங்கல்லாம் பஸ்ல வந்துருங்க."

பனிக்குள் ஒரு லாரிக்காரர்

அந்தக் கதையை அதோடு நிறுத்திவிட்டேன். பதிலுக்கு ஒரு பாடத்தைத் தொடங்கினேன். காப்பித் தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். தொலைந்தவரும் நடந்து, தேடுகிறவரும் நடந்தால், பொழுது சாய்ந்தாலும் சந்திக்க முடியாது. அதனால் நடை தொடங்குமுன் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்வேன்: "வழி தப்பிருச்சுன்னா நடக்கக் கூடாது சாமி. பக்கத்துல இருக்கற மரத்தக் கட்டிப்புடிச்சுட்டு நில்லுங்க. நான் வந்துருவேன்." ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டுவார்கள். பெரியவர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள்.

நாமக்கல்லிலிருந்து வந்தவர் ஒரு லாரிக்காரர். மனைவியும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினியும் கூட வந்திருந்தார்கள். மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போனோம். என் பாடத்தைக் கேட்டு அவர் சிரித்தார். காஷ்மீர் வரைக்கும் லோடு ஏற்றிப் போனவர் அவர், காப்பித் தோட்டம் எம்மாத்திரம்.

பாதி வழியில் பனி இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. நின்று குரல் கொடுத்தேன். அம்மா பதில் சொன்னார், அப்பா பதில் சொன்னார், யாழினி சொல்லவில்லை. "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா "கண்ணு, கண்ணு" என்று அலறிக்கொண்டே பனிக்குள் ஓடிவிட்டார்.

அந்தத் தோட்டத்தின் கீழ்க்கோடியில் தடுப்பு எதுவும் இல்லாத ஒரு சரிவு உண்டு. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருடைய போனோ மனைவியின் பையில் இருந்தது. அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாதென்று யாழினி பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பாதை வளையும் இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் "இங்க இருக்கேன்" என்றது. யாழினி அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். காப்பிப் பழம் பறிக்க நின்றிருக்கிறாள், நிமிர்ந்தால் யாருமில்லை. கையில் எறும்பு ஏறியும் விடவில்லை. "அப்பா என்னத் தாண்டித்தான் ஓடுனாரு. நான் கூப்ட்டேன். அவரு கத்துன சத்தத்துல அவருக்குக் கேக்கல" என்றாள்.

தொலைந்தவர் ஒருவர் கிடைத்துவிட்டார், இன்னொருவர் புதிதாகத் தொலைந்திருந்தார். ரோட்டுக்கு வந்து, தோட்டத்துக் கணக்கு பார்க்கும் எஸ்டேட் ரைட்டருக்குப் போன் போட்டேன். அவருக்குத்தான் தோட்டத்தின் ஒவ்வொரு தடமும் தெரியும். கோவிந்தண்ணன் பீடியைக்கூட மறந்துவிட்டு ஜீப் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அன்றுதான், அது என்னை இன்னும் பயமுறுத்தியது. யாழினி மட்டும் ரோட்டோரத்து மரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பனியையே பார்த்து நின்றாள்.

கடைசியில் ரைட்டரின் பைக் வந்தது. பின்னால் லாரிக்காரர், ஒரு காலில் செருப்பில்லை. சரிவுக்கு நாலடி இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தாராம். ஹாரன் சத்தம் நாலு திசையிலிருந்தும் கேட்டதால் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லையாம். பைக்கிலிருந்து இறங்கியதும் மகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் மனைவியும் அழுதார். அதுவரை அடக்கி வைத்திருந்த நானும் அழுதேன்.

யாழினி அழவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்க எங்கப்பாவுக்கு மரம் புடிக்கச் சொல்லிக்குடுக்கவே இல்லியே."

இப்போதெல்லாம் நடை தொடங்குமுன் அப்பாக்கள்தான் வரிசையாக மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டுகிறார்கள், பிள்ளைகள் போட்டோ எடுக்கிறார்கள், நான் வழக்கம்போல எண்ணிக்கொண்டிருக்கிறேன்.