மலைமேல் பீட்டர், போனில் ஹெலிகாப்டர்

1. சார்ஜ் போய்விட்டது

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நான் சமையல் வேலை பார்த்தபோது நடந்தது இது. பீட்டரும் அவர் மனைவி அன்னாவும் வருஷா வருஷம் வந்து தங்கித் தமிழ் கற்றுக்கொண்டவர்கள். அண்ணாமலையார் மலையில் ஏறக் கூடாது என்று வனத்துறை வைத்த போர்டை போட்டோ எடுத்துவிட்டு பீட்டர் ஒரு நாள் காலையில் ஏறிப் போனார். மதியம் போன் வந்தது. கால் பிசகிவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார். எந்தப் பக்கம் என்று சொல்வதற்குள் சார்ஜ் போய்விட்டது.

வனத்துறை ஆட்கள் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் அடிவாரத்தில் நின்றார்கள். அன்னா மொட்டைமாடியில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. யார் பறப்பது

ஓனர் சேகர் சொன்னான்: "பீட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்குது. பிரைவேட் ஹெலிகாப்டர் உடனே வந்துடும்."

வாட்ச்மேன் முனுசாமி மிலிட்டரியில் இருந்தவர். "துட்டு பாத்து பறக்கறவன் மலைக்கு வருவானா சார்? மிலிட்டரிக்கு சொல்லுங்க."

"அவங்க வர்றதுக்கு டெல்லில ஒருத்தன் கையெழுத்து போடணும்யா."

"உங்க கம்பெனிக்காரன் மொதல்ல போன எடுக்கட்டும்."

இன்சூரன்ஸ் கம்பெனி போனில் பாட்டு ஓடியது. பிறகு பாலிசி நம்பர் கேட்டார்கள். பிறகு மறுபடியும் பாட்டு. முனுசாமியின் பழைய ஆபீசரோ, கலெக்டர் கேட்டால் வருவோம் என்றார். இருவர் வாயிலும் ஹெலிகாப்டர் பல தடவை ஏறி இறங்கியது.

"காபி குடிங்கப்பா, பறந்து பறந்து களைச்சிருப்பீங்க" என்றேன்.

"ஆயா, நீ கம்முனு இரு" என்றான் சேகர்.

3. அரோகரா

பொழுது சாயும்போது மலை உச்சிக்குக் கீழே ஒரு நெருப்பு தெரிந்தது. தெருவே கையெடுத்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊர் முழுக்கச் சத்தம்.

"கார்த்திகை கூட இல்ல, சாமியே காட்சி குடுக்கறாரு" என்று சேகர் கன்னத்தில் போட்டுக்கொண்டான். முனுசாமி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். நான் கரண்டியோடு கும்பிட்டேன்.

மாடியிலிருந்து அன்னா கத்தினாள்: "ஏன் கும்பிடறீங்க? அது பீட்டர். லைட்டர் எப்பவும் அவர் பாக்கெட்ல இருக்கும்."

கும்பிட்ட கையை உடனே இறக்க யாருக்கும் மனசு வரவில்லை. அப்புறம்தான் சேகர் வனத்துறைக்குப் போன் போட்டான். அவர்களும் அடிவாரத்தில் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். அடி அண்ணாமலை கிராமத்து ஆட்கள் நாலு பேரோடு ஏறி, கம்பில் போர்வை கட்டித் தூக்கி வந்தார்கள்.

மறுநாள் காலையில் கம்பெனியிலிருந்து போன்: "அப்ரூவல் வந்துடுச்சி, பேஷன்ட் எங்க இருக்காரு?"

"இட்லி சாப்பிடறாரு, முடிச்சதும் சொல்றோம்" என்று வைத்தேன்.

கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி பீட்டர் கேட்டார்: "எல்லாரும் கத்தினது மேல கேட்டுச்சு. காப்பாத்த வர்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஏன் யாரும் வரலை?"

சேகர் முனுசாமியைப் பார்த்தான். முனுசாமி என்னைப் பார்த்தார். நான் இன்னும் ரெண்டு இட்லி வைத்தேன்.

என்னைக் கேட்டால் மிலிட்டரியே பறக்கட்டும். கம்பெனியைத் திட்டினால் போனில் பாட்டுதான் வரும். அரசாங்கத்தைத் திட்ட, ஓட்டு கேட்கவாவது ஒருத்தன் வாசலுக்கு வருவான். ஆனால் உத்தரவை ஆள் விழுவதற்கு முன்பே போட்டு வையுங்கள். விழுந்த பிறகு நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருப்போம்.