அண்ணன் அடித்த கற்பூரம்

தறிக்குழியிலிருந்து எழுந்து மேலே வர ஒரு நாள் எனக்கு மூச்சு போதவில்லை. இரண்டடி ஆழம்தான். இருபத்தைந்து வருடமாக அதில் காலை இறக்கி மிதித்துப் பட்டு நெய்கிறவள் நான். வயசாகிறது, உடம்பு போட்டுவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பயம்தான், வேறென்ன. அந்த மூச்சிழுப்பை எங்கள் வீட்டில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

அது என் அண்ணனுடையது. ஆரணியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் களம்பூர் போய், ஒரு ரைஸ் மில்லில் எடை போடும் வேலை பார்த்தார். நாற்பத்தைந்து வயதில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். எக்ஸ்-ரே பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா பீடி?"

"பழக்கமே இல்லைங்க" என்றார் அண்ணன். டாக்டர் என்னையும் அண்ணியையும் பார்த்துச் சிரித்தார். எங்களுக்கு அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

அவர் சட்டையில் பீடி வாடை அடிக்கத்தான் அடிக்கும். "மூட்டை தூக்குறவங்க பக்கத்துல உக்காந்து புடிச்சிகினு இருக்காங்க, நான் என்னா பண்றது கலா?" என்பார். "நெருப்பில்லாம புகையுமாண்ணா?" என்பேன். என் வாய் அப்படி. அவர் பையையும் சட்டைப் பையையும் சோதிப்பேன். ஒன்றும் கிடைக்காது. மறைப்பதில் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்து, "அடிச்சி சொல்லுண்ணா" என்றேன். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்னால் சத்தியம். பொய் சொல்ல வந்தால் சாமி வாயைக் கட்டிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அடித்தார். "நான் பீடி..." என்றார். அணைந்த கற்பூரத்தின் புகை நேராக முகத்தில் ஏறியது. இருமல் பிடித்துக்கொண்டது. தரையில் கையூன்றி, கண்ணில் நீர் வழிய இருமினார். வாக்கியம் முடியவேயில்லை.

"பாத்தீங்களா அண்ணி" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம். அண்ணியும் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். நாற்பத்தொன்பது வயதில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

என் முறை வந்தபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனை) செய்தார்கள். என் வயதுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டாக்டரம்மா கேட்டார், "பீடி, சிகரெட் ஏதாவது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் தொட்டதுகூட கெடையாது டாக்டர்."

"சரிம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். ஒரே தடவைதான் சொன்னேன். நம்பிவிட்டார்.

ஸ்கேனில் எம்பிஸீமா (நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்துபோவது) என்று வந்தது. பிறகு ரத்தப் பரிசோதனை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்ஸின் (கல்லீரலில் உண்டாகி நுரையீரலைக் காக்கும் புரதம்) என்னிடம் மிகக் குறைவு.

"அப்பா அம்மா நெருங்கின சொந்தமா?"

"எங்கம்மா தாய்மாமனத்தான் கட்டிகினாங்க."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "நுரையீரல் பலத்துல ஒரு பங்கு எல்லாருக்குமே பொறப்புலயே வருது. நிறைய மரபணு (பெற்றோரிடமிருந்து வரும் உடம்பின் குறிப்பு) சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். புகை, தூசி எல்லாம் அதுக்கு மேல. உங்களுக்கு அந்தப் புரதத்தைச் செய்யுற ஒரே மரபணு, அப்பா வழியிலயும் அம்மா வழியிலயும் பழுதா வந்திருக்கு. இது அபூர்வம்."

"அப்ப எங்கண்ணன்?" அவர் மில் வேலையையும், மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்ததையும் சொன்னேன்.

"அவருக்கும் இருந்திருக்கலாம். மில் தூசி இன்னும் கெடுத்திருக்கும். ஆனா சோதிக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. அவருக்குப் பிள்ளைங்க இருந்தா கூட்டிட்டு வாங்க."

வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத்தான் ஏதோ பெரிய நோய் என்று நினைத்து, பக்கத்திலிருந்த ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார்.

போன நுரையீரல் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, சளிக் காய்ச்சல் வராமல் தடுப்பூசி. ஆறு மாதத்தில் மறுபடி தறியில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் புகை பிடிக்காதவர் ஒருவர் இப்படி மூச்சு வாங்கினால், தயவுசெய்து அவர் வாயைச் சோதிக்காதீர்கள். ரத்தத்தைச் சோதியுங்கள்.

அண்ணன் நினைவு நாளன்று எங்கள் தெருவிலேயே இருக்கும் அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அண்ணன் பீடி குடிக்கலன்னு டாக்டர் எழுதிக் குடுத்துக்கிறாங்களா?"

"இல்ல அண்ணி. இனிமே அண்ணன் ரத்தத்துக்கு எங்க போறது? அவரு சொன்னது மட்டும்தான் இருக்குது. நித்யாவ அனுப்புங்க, அவளுக்காவது பாத்துடலாம்." நித்யா அவர்கள் மகள்.

அண்ணி மீதி வாழைக்காயை அரிந்து முடித்தார். படையல் போட்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். மன்னிப்புக் கேட்கத்தான் நான் குனிந்தேன். "அண்ணா" என்பதற்குள் புகை தொண்டையில் ஏறி, தரையில் கையூன்றி இருமினேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கற்பூரம் எரிகிற தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வந்து, என் முதுகைத் தடவினார்.

"அன்னிக்கி தட்ட நவுத்தணும்னு ஒருத்தருக்கும் தோணலியே கலா" என்றார். அழுதார்.

அடுத்த வாரம் நித்யா ரத்தம் கொடுத்தாள். ஒரு வழியில் மட்டும்தான் பழுது, இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள்.

எனக்கு இப்போது ஐம்பது. அண்ணன் வயதைத் தாண்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வர மூன்று இடத்தில் நிற்கிறேன். மருந்துக் கடை, தண்ணீர்த் தொட்டி, தெருமுனை. அதே மூன்று இடத்தில்தான் அண்ணனும் நிற்பார். பீடிக்கு ஒதுங்குகிறார் என்று ஒரு சாயங்காலம் பின்னாலேயே போய் ஒளிந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். கையில் ஒன்றுமில்லை. நான் வருவதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன்.