ஈஸ்ட்டுக்கு வாய் இல்லை

அண்ணன் இறந்த பிறகு, ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு எதிரே இருந்த எங்கள் பேக்கரியை நான் பார்த்துக்கொண்டேன். லைசென்ஸ் அண்ணன் பெயரிலேயே இருந்தது. அவன் இறந்தது தெரிந்தால் அதிகாரிகள் கடைக்கு சீல் வைத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் ஒல்லியான ஒருவர் வந்தார். எதைத் தொட்டாலும் விரலை முகர்ந்து பார்த்தார். அதிகாரிதான் என்று நினைத்தேன்.

“உங்கண்ணன் எங்கப்பா?”

“ஊருக்குப் போயிருக்காரு. இன்னா விஷயம் சார்?”

“வேலூர் காலேஜ்ல ஈஸ்ட் பத்தி ஆராய்ச்சி பண்றேன். போன தடவை பிரெட் வாங்க வந்தப்ப, வாயே இல்லாத ஈஸ்ட் எப்படி சர்க்கரை திங்குதுன்னு உங்கண்ணன் கேட்டான். அது மேல்தோல்ல குட்டிக் குட்டி வாசல் இருக்கு. சர்க்கரை ஜாஸ்தியானா சில வாசலை உள்ள இழுத்து அதுவே ஜீரணிச்சிடும். கம்மியானா மறுபடி வைக்கும். வந்தா சொல்லிடு.”

அண்ணன் அப்படிக் கேட்கக்கூடியவன்தான். ஆனாலும் அந்த ஆள் இதைச் சொல்ல மட்டும்தான் வந்தாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.