நான்கு மூலையிலும் மஞ்சள்

1991இல் வெளிநாட்டு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதென்றால், டைப் அடித்து, மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக போட்டோ வைத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். யாராவது விமானம் ஏறினால் அவர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கே இறங்கித் தபாலில் போட்டால் சீக்கிரம் போய்ச் சேரும். அன்று மாலை என் ஆய்வு வழிகாட்டியே பறக்கிறார். இதழ் கேட்ட திருத்தங்களுக்கான கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. அவரை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதே விஷயத்தை வடக்கே இன்னொரு குழுவும் எழுதிக்கொண்டிருந்தது. அவர்கள் முந்திக்கொண்டால் என் பல வருட உழைப்பு கோவிந்தா.

கட்டுரை, நெல் வேரைத் தின்னும் நூற்புழு பற்றியது. வேர்கள் ஒரகடம் பக்கத்தில் எங்கள் சொந்த வயலில் பிடுங்கியவை. மாமனார் காலமான பிறகு பயிரைப் பார்த்துக்கொண்டது மாமியார். சேற்று வேரை வாளித் தண்ணீரில் அலசி எனக்கு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

காலையில், மைக்ராஸ்கோப் வழியே எடுத்த புழுப் போட்டோக்களைக் கடைசியாகச் சரிபார்த்து மேஜையில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், எல்லாவற்றிலும் நான்கு மூலையிலும் மஞ்சள்! கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோலக் குழைத்துத் தடவியிருந்தது. பளபளக்கும் போட்டோத்தாளில் ஈரம் ஊறி, மூலைகள் சுருள ஆரம்பித்திருந்தன. வலது கீழ் மூலையில்தான் அளவுகோடு. புழு எவ்வளவு பெரிது என்று சொல்வது அந்தச் சின்னக் கோடுதான்.

மாமியார் வாசற்படி அருகே நின்றிருந்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க? எல்லாத்தையும் பாழாக்கிட்டீங்களே!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. ஈரத் துணியில் சோப்பைத் தேய்த்து ஒரு மூலையைத் துடைத்தேன். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை. மூலை ரத்தச் சிவப்பாகிவிட்டது.

கணவர் மறைமலை நகரில் முதல் ஷிப்டில் இருந்தார். மொபெட்டும் அவரோடு போயிருந்தது. கூட்டுரோட்டில் பஸ் வர ஒரு யுகம் ஆனது. படப்பையில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அவரைக் கடித்துக் குதறலாம்போல இருந்தது. தாம்பரம் போய்ச் சேரும்வரை, கட்டுரையும் போட்டோக்களும் வைத்த உறையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

வழிகாட்டி வீட்டு வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. அவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவு தெரியாத படத்தை எவன்மா நம்புவான்?"

"ஓரத்தை வெட்டிட்டுக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுடறேன் சார்."

"போடு. கை நடுங்கினா எல்லாம் போச்சு."

கறையின் அடியில் மங்கலாகத் தெரிந்த பழைய கோட்டை அளந்துகொண்டேன். ஓரங்களை பிளேடால் வெட்டி, கறுப்பு மையில் புதுக்கோடு இழுத்தேன். வழவழப்பான தாளில் மை நிற்காமல் பரவப் பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் போட்டேன். வெளியே டாக்ஸிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசிக் கோடு காய்ந்ததும் வழிகாட்டி எல்லாவற்றையும் உறையில் போட்டு, கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

வீடு திரும்பியபோது மாமியார் சமைத்ததை மூடி வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எட்த்துக்கினு போய்ட்டாராம்மா?"

"போயிட்டார்."

"ஒண்ணும் கெட்டுப் போவலியே?"

"இல்ல அத்தை. சரி பண்ணிட்டோம்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் கை வெக்கலம்மா. தாலி அறுத்தவ நல்ல காரியத்துல கை வெப்பனா? பக்கத்து வூட்டுப் பொண்ணைத்தான் கூப்ட்டு வெக்கச் சொன்னேன். நான் வாசப்படியாண்டயே நின்னுக்கினேன்."

போட்டோ நனையக் கூடாது, அதற்காகத்தான் கத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. வேரை அலசித் தந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ, கட்டுரைக்கு ஏதோ ஆகிவிட்டது, நான்தான் மறைக்கிறேன் என்று நினைத்துப் பயந்துபோனார்.